நெஞ்சில் கோத்த நீரும் நாற்பது என்ற எண்ணும்

நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டால் அந்தக் காலத்தில் அது டிபி. வேறு பேச்சே கிடையாது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் ஆய்வகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்த இளவயதுக்காரர் யாராவது வந்தால் முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பார்கள். அது வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தால் சீட்டில் டிபி என்று எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, ஐசோநயசிட், தயாசெட்டசோன் என்று ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஓடும்.

இன்றும் அதே நீர், அதே நிறம். டிபி என்று எழுதுவதற்கான காரணம்தான் மாறிவிட்டது. இப்போது ஓர் எண்ணைப் பார்த்து எழுதுகிறார்கள். நீரில் ஏ.டி.ஏ. என்ற நொதி லிட்டருக்கு நாற்பது யூனிட்டுக்கு மேல் இருந்தால் ஆறு மாத மாத்திரை. நிறத்தைவிட இந்த எண் பல மடங்கு நம்பத்தக்கது. அதை என் கையாலேயே அளந்து பார்த்தவள் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் அன்று நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்ததைப் போலவே இன்று எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அது என்னை உறுத்துகிறது.

முதலில் அந்தக் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். நீர் எங்களிடம் வந்தது பென்சிலின் பாட்டிலில். ஊசிமருந்து தீர்ந்த குட்டிக் கண்ணாடி பாட்டில்களை வேகவைத்து, காயவைத்து, ரப்பர் மூடியோடு வார்டுக்கு அனுப்புவோம். நோயாளியை நாற்காலியில் திருப்பி உட்காரவைத்து, முதுகுச் சாய்மானத்தின் மேல் இரண்டு கைகளையும் மடித்துக் குனியச் சொல்வார்கள். டாக்டர் விரலால் தட்டிக்கொண்டே கீழே வருவார். காற்று நிறைந்த நுரையீரல் மேல் தட்டினால் ஒரு ஓசை எழும். நீர் தொடங்கும் இடத்தில் அந்த ஓசை அப்படியே செத்துவிடும். அங்கே, விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டி ஊசி இறங்கும். கீழ்விளிம்பில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுவதால் அந்தப் பக்கம் போகக் கூடாது. எடுத்த நீரை பெரும்பாலும் நோயாளியின் அம்மாவோ அண்ணனோ கையில் பொத்திக்கொண்டு ஆய்வகத்துக்குக் கொண்டுவருவார்கள். பாட்டில் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்.

"அக்கா, தண்ணியில டிபி இருக்கான்னு பாத்து சொல்லுங்கக்கா. இந்தத் தையில கல்யாணம் வெச்சிருக்கோம்" என்று ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். தாம்பரத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்று கேட்டவர்களும் உண்டு. தாம்பரம் சானடோரியம் 1928இல் தொடங்கியது. அந்தப் பெயரே ஊரில் நோயின் பெயர்போல ஆகியிருந்தது. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்துச் சாப்பிடுவதைப் போலவே குணமாகும் என்று சென்னை சேத்துப்பட்டில் இருந்த ஆராய்ச்சி மையம் 1959லேயே உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியிருந்தது. அந்தச் செய்தி மருத்துவப் புத்தகங்களுக்குள் போன வேகத்தில் கிராமங்களுக்கு வந்து சேரவில்லை.

"டிபி இருக்கா" என்ற அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில்கள் சொற்பம். புரதம் பார்ப்போம், நூறு மில்லியில் மூன்று கிராமுக்கு மேல் இருந்தால் அழற்சியால் ஊறிய நீர், குறைவாக இருந்தால் இதயமோ சிறுநீரகமோ ஈரலோ பழுதுபட்டுக் கசிந்த நீர் என்பது அன்றைய கணக்கு. மூத்திரம் அளக்கும் மிதவையை இதிலும் போட்டு அடர்த்தி பார்ப்போம், 1.016 எல்லைக்கோடு. நியூபார் சேம்பரில் செல்களை எண்ணுவோம். லீஷ்மேன் சாயம் ஏற்றி எந்தச் செல் எத்தனை சதவீதம் என்று பிரிப்போம். கடைசியாக டிபி கிருமிக்கான சிவப்புச் சாயம். அந்தக் கண்ணாடித் துண்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்து எவ்வளவு நேரம் தேடினாலும் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. சளியில் கொத்துக் கொத்தாகத் தெரிகிற கிருமி இந்த நீரில் ஏன் இல்லை என்று புதிதாக வேலைக்கு வந்த எல்லோரும் கேட்பார்கள். நுரையீரல் உறைக்குள் விழும் கிருமிகள் மிகக் கொஞ்சம். உடம்பு அவற்றை அடையாளம் கண்டு பெரிதாகக் கிளர்ந்து எழுகிறது. அந்தக் கிளர்ச்சியில் ஊறுவதுதான் நீர். கிருமியை வளர்த்துப் பார்க்கலாமென்றால் முட்டை கலந்த ஊடகத்தில் ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். அப்படியும் பாதிக்கு மேல் வளராது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. டிபியால் சேர்ந்த நீர் மருந்தே இல்லாவிட்டாலும் சில மாதங்களில் தானாக வற்றிவிடும். காய்ச்சல் நிற்கும், பசி திரும்பும், ஆள் வயலுக்குப் போய்விடுவார். குணமாகிவிட்டது என்றே எல்லோரும் நினைப்பார்கள். ரோப்பர், வேரிங் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், மருந்து காணாத காலத்தில் இப்படி நெஞ்சில் நீர் கோத்து வற்றிய 141 படைவீரர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1955இல் எழுதினார்கள். அவர்களில் 65 சதவீதம் பேருக்குப் பிற்பாடு டிபி திரும்ப வந்திருந்தது. ஆகவே கிருமி கண்ணில் படாதவரை காத்திருப்போம் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. நிறத்தைப் பார்த்து மருந்து கொடுத்தார்கள் என்று இன்று குறை சொல்வது சுலபம். அவர்களுடைய இக்கட்டு அது.

உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது, ஏப்ரம்ஸ் ஊசி. 1958இல் வந்தது. மொக்கையான தடித்த ஊசி, பக்கத்தில் ஒரு கொக்கிவாய். உள்ளே விட்டு, உறையைக் கொக்கியில் மாட்டி, ஒரு சின்னத் துணுக்கைக் கிள்ளி எடுப்பார்கள். துணுக்கில் டிபிக்குரிய முடிச்சுகள் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் அது கண் மறைவில் கிள்ளுவது; முடிச்சு இருக்கும் இடம் பார்த்துக் கிள்ள முடியாது. எங்கள் மருத்துவமனையில் அந்த ஊசியைப் பார்த்ததுமே கையெழுத்துப் போட மறுத்து எழுந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் இப்படி மிதவையும் சாயமுமாக உட்கார்ந்திருந்தபோது வெளியே நொதிகள் வேலையைத் தொடங்கி வெகுநாளாகியிருந்தது. ரிச்சர்ட் லைட் என்ற இளம் மருத்துவரும் கூட இருந்தவர்களும் 1972இலேயே ஒரு விதியை வகுத்திருந்தார்கள். புரதத்தை நீரில் மட்டும் அளக்காதே, ரத்தத்திலும் அளந்து ஒப்பிடு, எல்.டி.ஹெச். என்ற நொதியையும் அதேபோல இரண்டிலும் அளந்து ஒப்பிடு. நீரின் புரதம் ரத்தத்தில் இருப்பதில் பாதியைத் தாண்டினாலோ, நீரின் எல்.டி.ஹெச். ரத்தத்தினுடையதில் 0.6 பங்கைத் தாண்டினாலோ, ரத்தத்துக்கான இயல்பு உச்சத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போனாலோ அது அழற்சி நீர். மூன்றில் ஒன்று பொருந்தினால் போதும். அடிபட்ட செல்லிலிருந்து ஒழுகுகிற நொதி எல்.டி.ஹெச். என்பதால் உள்ளே எவ்வளவு சேதம் என்பதற்கும் அது சாட்சி. இந்த விதிக்கும் ஓர் ஓட்டை உண்டு. இதயம் பலவீனமாகி நீர் கோத்தவருக்கு, நீர் பிரிய மாத்திரை கொடுத்து இரண்டு நாள் கழித்து ஊசி போட்டால், நீர் சுண்டிப்போய் அழற்சி நீர் மாதிரி கணக்குக் காட்டும். இதய நோயாளிக்கு டிபி மாத்திரை போகிற பாதைகளில் இதுவும் ஒன்று. ரத்தப் புரதத்திலிருந்து நீரின் புரதத்தைக் கழித்தால் வித்தியாசம் 3.1 கிராமுக்கு மேல் வருகிறதா என்று பார்ப்பது அதற்கு மாற்று.

ஏ.டி.ஏ.வின் கதை 1978இல் இத்தாலியின் சார்டீனியா தீவில் தொடங்குகிறது. சாசரி நகரத்தில் பீராஸ் என்பவரும் சகாக்களும் நெஞ்சு நீரில் இந்த நொதியை அளந்தார்கள். டிபி நீரில் அது உயர்ந்து நின்றது. பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அதை எழுதினார்கள். அளக்கும் முறையை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஜியூஸ்டி என்ற இன்னொரு இத்தாலியர் கொடுத்திருந்தார். எங்களுக்கு அது வந்து சேரத் தொண்ணூறுகள் ஆகிவிட்டன. மார்பு நோய்ப் பிரிவுக்கு மாற்றலாகி வந்த ஒரு டாக்டர், இதழ் ஒன்றின் நகலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "இத நம்மால பண்ண முடியுமாம்மா?" என்று கேட்டார்.

படித்துப் பார்த்தபோது எனக்கு ஆதங்கமாக இருந்தது. தேவையான பொருள்களில் பெரும்பாலானவை எங்கள் அலமாரியிலேயே இருந்தன. அடினோசின் ஒன்றுதான் வெளியிலிருந்து வரவேண்டும். நோயாளியின் நீரில் அடினோசினைச் சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால், நீரில் உள்ள ஏ.டி.ஏ. அதை இனோசினாக மாற்றி அம்மோனியாவை வெளியே விடும். அந்த அம்மோனியாவோடு ஃபீனாலும் ஹைப்போகுளோரைட்டும் சேர்ந்தால் நீல நிறம் எழும். இந்த நீலத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெர்த்தலோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கண்டுசொல்லிவிட்டார். நீலம் எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு நொதி. கலோரிமீட்டரில் சிவப்பு ஃபில்டர் போட்டு அளந்தால் எண் வந்துவிடும். உலகம் முழுவதும் பெரிய கருவி வேண்டும், பெரிய பணம் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த நாளில், டிபி மிகுந்த ஊர்களுக்கென்றே செய்ததைப் போல ஒரு சோதனை. அது டிபி மிகுந்த ஊருக்கு வந்து சேரத்தான் அத்தனை காலம்.

முதல் சில வாரங்கள் எண்கள் ஒழுங்காக நிற்கவில்லை. நொதியே இல்லாத வெற்றுக் குழாயிலும் நீலம் ஏறியது. ஆய்வகத்துக்கு அடுத்த அறை கழிவறை. மூத்திர மாதிரி கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் அங்கேதான் போவார்கள். காற்றிலிருந்த அம்மோனியாவே குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சிகரெட் புகையிலும் அம்மோனியா உண்டு. கடைசியில் மேசையை மாடிக்கு மாற்றி, ஜன்னலைத் திறந்துவைத்து, ஒவ்வொரு மாதிரிக்கும் அதன் சொந்த வெற்றுக் குழாயை வைத்துக் கழித்த பிறகு எண்கள் அடங்கின. மாதிரியைப் பாதுகாப்பதும் பாடமாயிற்று. ஏ.டி.ஏ. பார்க்க வேண்டிய நீரை உடனே பார்க்க முடியாவிட்டால் ஐஸில் வைக்க வேண்டும். எல்.டி.ஹெச்.சின் சில வடிவங்களுக்குக் குளிர் ஆகாது. அதை அறையிலேயே விட வேண்டும். ஒரே நெஞ்சிலிருந்து வந்த நீரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் குளிரிலும் ஒன்றை வெளியிலும் வைத்தோம்.

இந்த நொதி கிருமியுடையது அல்ல என்பதை நான் யாரிடம் பேசினாலும் சொல்லிவிடுவேன். அது நம் உடம்பினுடையது. வெள்ளணுக்கள் வேலை செய்யவும் பெருகவும் இது வேண்டும். இந்த நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்கு நோய் எதிர்ப்பாற்றலே இல்லாமல் போகிறது என்பதை எலோயிஸ் கிப்லெட் என்ற அமெரிக்க மருத்துவர் கண்டறிந்தது 1972இல், லைட் தன் விதியை எழுதிய அதே வருடம். டிபி நீரில் உயர்வது பெரும்பாலும் ஏ.டி.ஏ. இரண்டு என்ற வகை. கிருமியை விழுங்க வரும் மோனோசைட், மேக்ரோஃபேஜ் அணுக்கள் விடுவது. ஆகவே நாம் அளப்பது அணுக்கள் எவ்வளவு மும்முரமாகப் போரிடுகின்றன என்பதை. எதிரி யார் என்பதை அந்த எண் சொல்வதில்லை. சீழ் கட்டினாலும் அது ஏறும். லிம்ஃபோமா புற்றுநோயில் ஏறும். முடக்குவாதத்தில் ஏறும்.

எதிரி யார் என்று சொல்ல உதவுவது அந்தப் பழைய செல் கணக்கு. டிபி நீரில் லிம்ஃபோசைட் என்ற வகை வெள்ளணுக்கள் நிறைந்திருக்கும். சீழ் கட்டும் நீரில் நியூட்ரோஃபில்கள். ஏ.டி.ஏ. நாற்பதுக்கு மேல், லிம்ஃபோசைட்டுகள் முக்கால் பங்குக்கு மேல் என்றால் எங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு டிபி எனலாம். ஏப்ரம்ஸ் ஊசி தேவையில்லை. தை மாதத்தில் கல்யாணம் என்று கையைப் பிடித்த அம்மாவுக்கு அன்றைக்கு நான் கொடுக்க முடியாமல் போன பதில் இதுதான். தொண்ணூறுகளுக்குப் பிறகு அந்தப் பதிலை எத்தனையோ பேருக்கு அதே நாள் மாலையில் கொடுக்க முடிந்ததில் எனக்கு இன்றும் நிறைவு.

இனி இந்தக் காலம். இப்போது நீர் பார்கோடு ஒட்டிய குழாயில் வருகிறது. தானியங்கிக் கருவி அம்மோனியாவையே தொடுவதில்லை. இனோசினைப் பிடித்து, அடுத்தடுத்து மூன்று நொதிகளின் வழியாகக் கொண்டுபோய் ஒரு சாயமாக்கி, சில நிமிடங்களில் எண்ணை அச்சடித்துவிடுகிறது. கழிவறை பக்கத்தில் இருந்தால் இனிக் கவலை இல்லை. சின்ன ஊர் தனியார் ஆய்வகத்திலும் ஏ.டி.ஏ. உண்டு. இதைவிட நல்ல செய்தி என்ன இருக்க முடியும் என்றுதான் ஓய்வுபெற்றபோது நினைத்தேன்.

அண்மையில் என் ஒன்றுவிட்ட தம்பி மகள் போனில் கூப்பிட்டாள். "அத்தை, அப்பாவுக்கு நெஞ்சுல தண்ணி எடுத்தாங்க. ஏ.டி.ஏ. எழுபத்தி நாலுன்னு வந்திருக்கு. டிபின்னு சொல்லி மாத்திரை ஆரம்பிச்சாச்சு. ஆனா காய்ச்சல் விடவே மாட்டேங்குது."

தம்பிக்குச் சர்க்கரை நோய் பல வருடமாக உண்டு. காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று கேட்டேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, குளிர் நடுக்கத்தோடு வந்தது என்றாள். டிபி நீர் அப்படியும் வரலாம். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

"செல் கவுண்ட் என்னடி போட்டிருக்கு?"

"அது என்னன்னு தெரியலையே அத்தை. டாக்டர் இந்த முதல் பக்கத்ததான் பாத்தாங்க."

அடுத்த பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். எல்லாம் அங்கே இருந்தது. நீர் கலங்கல். செல்கள் பல ஆயிரம். பத்தில் ஒன்பது நியூட்ரோஃபில். குளுக்கோஸ் ரத்தத்தில் ஏகத்துக்கும் ஏறியிருக்க, நீரில் தரைதட்டிக் கிடந்தது. எல்.டி.ஹெச். ஆயிரத்தை எப்போதோ தாண்டியிருந்தது. நிமோனியாவைத் தொடர்ந்து சீழாகிக்கொண்டிருக்கும் நீருக்குப் பாடப்புத்தகத்தில் என்ன எழுதியிருக்குமோ அது அப்படியே. கருவி ஒன்றைக்கூடத் தவறாக அளக்கவில்லை. ஏ.டி.ஏ. 74 என்பதும் சரியான எண்தான். அணுக்கள் கடுமையாகப் போரிட்டுக்கொண்டுதான் இருந்தன. எல்லா விடைகளும் அச்சாகி வந்தும் ஒரு வரியை மட்டும் படித்திருக்கிறார்கள்.

அன்று மாலையே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். அல்ட்ராசவுண்டில் நீர் அறை அறையாகத் தடுக்கத் தொடங்கியிருந்தது. விலாவுக்கிடையே குழாய் போட்டார்கள், சீழ் வந்தது. ஊசி மருந்தில் மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. டிபி மாத்திரையை நிறுத்தினார்கள். இன்னும் சில வாரம் மாத்திரையை நம்பிக் காத்திருந்தால் சீழ் கட்டிதட்டி, நெஞ்சைத் திறந்து உரித்தெடுக்க வேண்டிய நிலை வந்திருக்கும்.

இப்படியான அழைப்புகள் எனக்கு அவ்வப்போது வருகின்றன. மறுபக்கமும் உண்டு. வயதானவர்களுக்கு டிபி நீரிலும் ஏ.டி.ஏ. சற்றுக் குறைவாகவே ஏறும். எழுபது வயதுத் தாத்தாவுக்கு முப்பத்தைந்து வந்துவிட்டால் டிபி இல்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். நாற்பது என்பது பலரின் நீரை அளந்து, தவறு குறைவாக விழும் இடம் பார்த்துப் போட்ட கோடு. முப்பத்தொன்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவே நெஞ்சுக்குள் எந்த மாற்றமும் நடப்பதில்லை.

அந்தக் கோட்டைப் பற்றி இன்னொன்றும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நாற்பதை வைத்துப் பார்க்கும்போது டிபி உள்ள நூறு பேரில் தொண்ணூறு பேரைச் சோதனை பிடிக்கிறது, இல்லாத நூறு பேரில் தொண்ணூறு பேரை விலக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுகளும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன. நீர் கோத்து வரும் நூறு பேரில் எழுபது பேருக்கு டிபி இருந்த ஊரில், நாற்பதைத் தாண்டுகிறவர்கள் அறுபத்தாறு பேர். அவர்களில் அறுபத்துமூன்று பேருக்கு உண்மையிலேயே டிபி. நான் வேலை பார்த்த காலத்து ஊர் ஏறக்குறைய அது. அதே கருவியை, அதே நாற்பதை, நூறில் பத்துப் பேருக்கு மட்டுமே டிபி இருக்கும் ஊரில் வைத்துப் பாருங்கள். நாற்பதைத் தாண்டுகிறவர்கள் பதினெட்டுப் பேர். அவர்களில் ஒன்பது பேருக்குத்தான் டிபி. மற்ற ஒன்பது பேருக்குச் சீழோ புற்றுநோயோ வேறெதுவோ. டிபி குறைந்த நாடுகளில் இந்தச் சோதனையை டிபி இல்லை என்று விலக்கத்தான் அதிகம் நம்புகிறார்கள். நம் ஊரில் டிபி குறையக் குறைய, நாமும் அந்த இடத்தை நோக்கித்தான் போவோம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களும், வீடு வீடாக நடந்து சளி மாதிரி வாங்கிய பணியாளர்களும் ஜெயிக்க ஜெயிக்க, நான் உயிராய் மதித்த அந்த எண்ணின் பலம் குறைந்துகொண்டே வரும். அப்படிக் குறைந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அன்றைக்கும் நாற்பதைப் பார்த்த மாத்திரத்தில் ஆறு மாத மாத்திரை எழுதிக்கொண்டிருக்கக் கூடாது.

இதற்குப் பெரிய செலவெல்லாம் வேண்டியதில்லை. ஏ.டி.ஏ. அச்சாகும் இடத்துக்கு நேர்கீழே, அதே பக்கத்தில், நீரின் தோற்றமும், லிம்ஃபோசைட் எத்தனை, நியூட்ரோஃபில் எத்தனை என்ற கணக்கும் இருக்க வேண்டும். செல் பிரிக்காமல் ஏ.டி.ஏ. மட்டும் கேட்டு வரும் சீட்டை ஆய்வகம் திருப்பிக் கேட்க வேண்டும். என்னிடம் வேலை கற்ற பெண் ஒருத்தி இப்போது ஒரு சின்ன ஆய்வகம் நடத்துகிறாள். அவளிடம் இதைச் சொன்னேன். அவள் அறிக்கைத் தாளை மாற்றிவிட்டாள். கருவி பிரித்துக் கொடுக்கும் செல் கணக்கை நெஞ்சு நீருக்கு ஏற்காமல், கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, தானே உட்கார்ந்து நூறு செல் எண்ணுகிறாள். அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. போன வாரம் ஒரு டாக்டர் போனில் கூப்பிட்டு, எண்ணை மட்டும் சொன்னால் போதும், மற்றதெல்லாம் எதற்கு என்று கேட்டாராம். "செல் எண்ணி முடிக்க இன்னும் இருபது நிமிஷம் ஆகும் சார், ரெண்டையும் சேர்த்தே அனுப்பறேன்" என்று சொல்லியிருக்கிறாள்.